வேட்பாளர் ஆகாத கென்னடிகள்: ஓர் அரசியல் குடும்பத்தில் தனக்கான பணியைக் கண்டடைவது

2025 பிப்ரவரி 13 அன்று அமெரிக்க செனட், ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியரை அந்நாட்டின் சுகாதாரம் மற்றும் மனித சேவைகள் துறையின் அமைச்சராக 52-க்கு 48 என்ற வாக்குகளில் ஏற்றுக்கொண்டது. அவர் சுட்டுக்கொல்லப்பட்ட செனட்டர் ராபர்ட் கென்னடியின் மகன்; சுட்டுக்கொல்லப்பட்ட அதிபர் ஜான் கென்னடியின் தம்பி மகன். வாக்கெடுப்புக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு, ஜான் கென்னடியின் மகள் கரோலைன், தன் சித்தப்பா மகனுக்கு அந்தப் பதவியைத் தரக்கூடாது என்று செனட்டர்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார். அதற்கு முந்தைய ஆண்டே உடன்பிறந்தோர் ஐவர், அவர் டிரம்ப்பை ஆதரித்தது தந்தையின் விழுமியங்களுக்குச் செய்த துரோகம் என்று கூட்டறிக்கை விட்டிருந்தனர்.

பதவிக்காக அண்ணன் தம்பி மோதிக்கொள்வது நமக்குப் பழகிய காட்சி. ஆனால் கரோலைனுக்கும் அந்த ஐவருக்கும் அந்த அமைச்சர் பதவிமேல் ஆசை இருந்ததில்லை. கட்சித் தலைமையோ சொத்துப் பங்கீடோ இதில் சம்பந்தப்படவில்லை. பின் எதற்காக இவ்வளவு கடுமை என்று கேட்டால், அந்த வீட்டில் பிறந்தவர்கள் தங்களுக்கான வேலையை எப்படித் தேடிக்கொண்டார்கள் என்ற பழைய கதைக்குப் போக வேண்டியிருக்கிறது. அந்தக் கதையில் முதன்மைப் பாத்திரம் எந்த அதிபரும் அல்லர். எந்தத் தேர்தலிலும் நிற்காத ஒரு மகளும், பேசும் திறனை இழந்து மறைத்து வைக்கப்பட்ட அவருடைய அக்காவும்தான்.

1. வாரிசுக்குக் கைமாறுவது என்ன?

"வாரிசு அரசியல்" என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் பதவி கைமாறுவதையே குறிக்கிறோம். தேர்தல் நடக்கும் நாட்டில் பதவியை அப்படியே எழுதிவைக்க முடியாது. பதவிக்கு இட்டுச்செல்லும் வேறு சில பொருள்களைத்தான் தர முடியும். கென்னடி குடும்பத்தில் அவை நான்கு.

1. பெயர். தாய் ரோஸின் தந்தை ஜான் ஃபிட்ஸ்ஜெரால்ட் பாஸ்டன் நகர மேயராக இருந்தவர். தந்தை ஜோசப்பின் தந்தை பி. ஜே. கென்னடி மதுக்கடை நடத்திக்கொண்டே மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்குப் போனவர். ஐரிஷ் கத்தோலிக்கக் குடியேறிகளின் வாக்குகள் இவ்விரு பெயர்களையும் அறிந்திருந்தன.

2. பணம். ஜோசப் கென்னடி பங்குச் சந்தையிலும் திரைப்படத் தொழிலிலும் பெரும் செல்வம் சேர்த்தவர்; 1934-இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் ஆணையத்தின் முதல் தலைவராகவும் ஆனார். பிள்ளைகளின் பெயரில் அறக்கட்டளை நிதிகளை ஏற்படுத்தி, அவர்கள் பிழைப்புக்காக வேலை பார்க்கத் தேவையில்லாத நிலையை உருவாக்கினார்.

3. ஆள்தொடர்பு. 1938 முதல் 1940 வரை அவர் பிரிட்டனுக்கான தூதராக இருந்ததால், பிள்ளைகளுக்கு இளம் வயதிலேயே அமைச்சர்களும் பத்திரிகை அதிபர்களும் வீட்டு விருந்தாளிகளாக அறிமுகமாயினர்.

4. எதிர்பார்ப்பு. மற்ற மூன்றும் பிள்ளைக்குச் சொந்தமாகிவிடுபவை. இது மட்டும் குடும்பத்துக்கே சொந்தமாக நிற்கும். ஒருவர் இல்லாமல் போனால் அடுத்தவர் தலையில் ஏறும்.

நான்காவதைப் புரிந்துகொள்ளாமல் முதல் மூன்றை மட்டும் பார்ப்பவர்களுக்கு, இத்தகைய வீட்டில் பிறந்தவர்கள் "என் வாழ்க்கை எதற்கு" என்று தவிப்பது பணக்கார வீட்டுப் பிள்ளையின் பொழுதுபோக்காகத் தோன்றும். ஓரளவு அது உண்மையும்கூட. பிழைப்புக் கவலை உள்ளவனுக்கு அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ள நேரம் இருப்பதில்லை. ஆனாலும் கேள்வி பொய்யாகிவிடாது. விடை முன்கூட்டியே எழுதப்பட்ட வீட்டில், வேறு விடையைத் தேடுவது தனி வகையான சிக்கல்.

2. வரிசை எப்படி நகர்ந்தது

ஜோசப்–ரோஸ் தம்பதிக்கு ஒன்பது பிள்ளைகள். மூத்தவர் ஜோ ஜூனியர்தான் அதிபராக வேண்டியவர் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. 1944 ஆகஸ்ட் 12 அன்று, வெடிமருந்து நிரப்பிய விமானத்தை ஓட்டிச் சென்றபோது இங்கிலாந்தின் வான்வெளியிலேயே அது வெடித்து அவர் இறந்தார். எதிர்பார்ப்பு அடுத்த மகன் ஜானிடம் வந்தது. அவர் 1946-இல் பிரதிநிதிகள் அவைக்கும், 1952-இல் செனட்டுக்கும், 1960-இல் அதிபர் பதவிக்கும் வென்றார். 1961-இல் தம்பி ராபர்ட்டைத் தன் அட்டர்னி ஜெனரலாக (நீதித் துறைக்குத் தலைமை வகிப்பவராக) நியமித்தார். அப்போது ராபர்ட்டுக்கு வயது 35. ஜான் விட்டுச்சென்ற செனட் இடத்தைக் கடைசித் தம்பி எட்வர்டுக்காக வைத்திருக்க வேண்டியிருந்தது. செனட்டராவதற்குக் குறைந்தபட்ச வயது 30 என்பதால், ஜானின் கல்லூரி அறைத்தோழர் பெஞ்சமின் ஸ்மித் இடைக்காலத்தில் அந்த நாற்காலியில் அமர்த்தப்பட்டார். எட்வர்டுக்கு 30 ஆன 1962-ஆம் ஆண்டே இடைத்தேர்தலில் அவர் வென்று அமர்ந்தார். அதிபரோ அமைச்சரோ தன் உறவினரைத் தன் அதிகாரத்துக்கு உட்பட்ட வேலையில் அமர்த்துவதற்குத் தடை விதிக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1967-இல் வந்தபோது, அதைப் பலரும் ராபர்ட்டின் நியமனத்தோடு சேர்த்தே பேசினர்.

இந்த வரிசையில் மகள்களுக்கு இடமில்லை. 1952 செனட் தேர்தலில் ரோஸும் மகள்களும் மாநிலம் முழுவதும் தேநீர் விருந்துகள் நடத்தி ஆயிரக்கணக்கான பெண்களைச் சந்தித்தனர். ஜான் ஏறத்தாழ 70,000 வாக்குகளில்தான் வென்றார் என்பதால் அந்த விருந்துகளுக்கு வெற்றியில் பங்குண்டு என்று அப்போதே பேசப்பட்டது. உழைப்பு மகள்களுடையதாகவும் பதவி மகன்களுடையதாகவும் இருந்தது. ஐந்தாவது பிள்ளையான யூனிஸ் ஆணாகப் பிறந்திருந்தால் பெரிய அரசியல்வாதி ஆகியிருப்பாள் என்று தந்தையே சொன்னதாக, கரடுமுரடான சொற்களில், ஒரு கூற்று நெடுங்காலமாகச் சுற்றி வருகிறது. பாராட்டாகச் சொல்லப்பட்ட அந்த வாக்கியத்தில் கதவை அடைத்தவர் யார் என்பதும் தெரிகிறது.

3. ரோஸ்மேரி: பேசப்படாதவர்

மூன்றாவது பிள்ளை ரோஸ்மேரி 1918 செப்டம்பர் 13 அன்று, உலகளாவிய விஷக்காய்ச்சல் பரவிய காலத்தில் பிறந்தார். மருத்துவர் வந்துசேரும் வரை பிரசவத்தைத் தாமதப்படுத்தியதே குழந்தையின் மூளைப் பாதிப்புக்குக் காரணம் என்று குடும்ப வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். நடப்பது, படிப்பது, எழுதுவது எல்லாமே அவருக்குத் தாமதமாக வந்தன. ஆனால் வந்தன. நடனமாடினார், நாட்குறிப்பு எழுதினார், 1938-இல் பக்கிங்ஹாம் அரண்மனையில் அரசருக்கும் அரசிக்கும் முன் சடங்குமுறைப்படி வணங்கினார். இங்கிலாந்தில் மாண்டிசோரி முறைப் பள்ளியொன்றில் கழிந்த காலமே அவருக்கு மிக நிறைவான காலமாக இருந்தது.

இங்கே ஒரு சொல் விளக்கம் தேவை. அன்று அமெரிக்கச் சட்டங்களில் வழங்கிய சொல்லுக்கு இணையாகத் தமிழில் "மனவளர்ச்சி குன்றியவர்" என்றோம். இன்று "அறிவுசார் குறைபாடு" என்கிறோம். அமெரிக்காவிலும் 2010-இல் ஒரு சட்டத்தின் மூலம் கூட்டாட்சி ஆவணங்களில் பழைய சொல் நீக்கப்பட்டது. புதிதாகக் கற்பதிலும் அன்றாடச் செயல்களைத் தானே செய்துகொள்வதிலும் சிறு வயது முதலே காணப்படும் வரம்பையே இது குறிக்கிறது. மனச்சோர்வு, மனச்சிதைவு போன்ற மனநோய்கள் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதே அந்தக் காலத்தின் பெரும் தவறு. ரோஸ்மேரிக்கு நேர்ந்ததும் அந்தக் குழப்பத்தின் விளைவுதான்.

போர் தொடங்கி அமெரிக்காவுக்குத் திரும்பியபின் ரோஸ்மேரிக்கு வலிப்பும் கோப வெடிப்புகளும் கூடின. வாஷிங்டனில் அவர் தங்கியிருந்த கன்னிமாடப் பள்ளியிலிருந்து இரவில் வெளியேறிச் சுற்றத் தொடங்கினார். மகளுக்கு ஆபத்து வரும் என்ற அச்சமும், மகன்களின் எதிர்காலத்தைப் பாதிக்கும் அவப்பெயர் வரும் என்ற அச்சமும் தந்தையிடம் சேர்ந்தே இருந்தன. 1941 நவம்பரில், ரோஸ்மேரிக்கு 23 வயதானபோது, வால்டர் ஃப்ரீமன், ஜேம்ஸ் வாட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் அவருக்கு லோபாட்டமி செய்தனர். மூளையின் முன்பகுதியை மற்றப் பகுதிகளோடு இணைக்கும் நரம்பிழைகளை வெட்டிவிடும் அறுவை அது. போர்ச்சுகலில் 1935-இல் தொடங்கி, மறு ஆண்டே அமெரிக்காவுக்கு வந்தது. மண்டையோட்டில் துளையிட்டுக் கருவியைச் செலுத்தியபடி, விழித்திருந்த ரோஸ்மேரியைப் பாடவும் எண்களை எண்ணவும் சொல்லிக்கொண்டே வெட்டினர். பேச்சு குழறத் தொடங்கியதும் நிறுத்தினர். (கண்குழி வழியே ஐஸ் உடைக்கும் ஊசி போன்ற கருவியைச் செலுத்தும் முறை இவருக்குச் செய்யப்பட்டதாக இணையத்தில் உலவும் செய்தி தவறானது, ஃப்ரீமன் அந்த முறைக்கு மாறியது 1946-இல்.)

எழுந்தபோது ரோஸ்மேரியால் நடக்கவோ பேசவோ இயலவில்லை. நடையைப் பின்னர் ஓரளவு மீட்டார். பேச்சு சில சொற்களுக்கு மேல் திரும்பவில்லை. 1949 முதல் விஸ்கான்சின் மாநிலத்தின் ஜெஃபர்சன் நகரில் கன்னியர் நடத்திய செயின்ட் கோலெட்டா இல்லத்தில் வாழ்ந்தார். குடும்பக் கடிதங்களிலிருந்து அவர் பெயர் மறைந்தது. கேட்ட பத்திரிகையாளர்களுக்கு வேறு விளக்கங்கள் தரப்பட்டன. ஒன்பது பிள்ளைகள் கொண்ட, புகைப்படங்களுக்கென்றே வரிசையாக நின்று பழகிய குடும்பத்தில், ஒருவர் படத்திலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார்.

4. யூனிஸ்: பதினான்கு ஆண்டுத் தேடல்

1921-இல் பிறந்த யூனிஸ், சிறு வயதிலிருந்தே ரோஸ்மேரியின் விளையாட்டுத் துணை. இருவரும் சேர்ந்து நீந்தினர், பாய்மரப் படகு ஓட்டினர். அக்காவின் கதையைக் கேட்டதும் அவருக்கு உடனே வாழ்க்கைப் பணி கிடைத்துவிட்டது என்று இன்று சுருக்கி எழுதுகிறார்கள். நடந்ததோ அப்படி இல்லை. 1943-இல் ஸ்டான்ஃபோர்டில் சமூகவியல் பட்டம் பெற்றதிலிருந்து 1957 வரையான பதினான்கு ஆண்டுகள் அவர் இடம் மாறிக்கொண்டே இருந்தார். வெளியுறவுத் துறையில் போர்க் கைதிகள் தொடர்பான பிரிவில் வேலை செய்தார். 1947-இல் நீதித் துறையில் சிறார் குற்றங்கள் பற்றிய பணியில் சேர்ந்தார். 1950-இல் மேற்கு வர்ஜீனியாவின் ஆல்டர்சன் பெண்கள் சிறையில் சமூகப் பணியாளராக இருந்தார். பிறகு சிகாகோவில், வீட்டைவிட்டு வந்த இளம்பெண்களுக்கான இல்லம். 1953-இல் சார்ஜன்ட் ஷ்ரைவருடன் திருமணம்.

இந்தப் பட்டியலைத் தடுமாற்றமாகவும் படிக்கலாம். ஆனால் சிறை, இல்லம் என்று அவர் போன இடமெல்லாம் சமூகம் கண்ணில் படாமல் ஒதுக்கி வைக்கும் மனிதர்கள் இருந்த இடங்கள். அக்காவைப் பற்றி வீட்டில் பேச முடியாத ஒருவர், அக்காவைப் போன்றவர்கள் அடைக்கப்பட்ட இடங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. இதற்கு அவரே எழுதிய ஆதாரம் எதையும் காட்ட இயலாது.

திருப்பம் பதவி வடிவில் வரவில்லை. ஒரு குடும்ப அறக்கட்டளை வடிவில் வந்தது. இறந்த மூத்த மகனின் பெயரில் 1946-இல் தொடங்கப்பட்ட ஜோசப் பி. கென்னடி ஜூனியர் அறக்கட்டளை, தொடக்கத்தில் கத்தோலிக்க மருத்துவமனைகளுக்கும் குழந்தைகள் இல்லங்களுக்கும் நன்கொடை தரும் வழக்கமான அமைப்பாகவே இருந்தது. 1957-இல் பொறுப்பேற்ற யூனிஸ், கணவருடன் நாடெங்கும் சென்று மருத்துவர்களையும் ஆய்வாளர்களையும் சந்தித்து, எந்தத் துறை மிகக் குறைவாகக் கவனிக்கப்படுகிறது என்று கேட்டார். விடை அறிவுசார் குறைபாடு. அறக்கட்டளையின் நிதி அந்தத் திசைக்குத் திருப்பப்பட்டது. மகன்களுக்கு அரசியல், மகளுக்கு அறப்பணி என்று தள்ளிவிடப்பட்ட மூலையே அவருக்குக் களமாயிற்று.

இதற்குப் பின் நடந்தவற்றின் வரிசை முக்கியமானது.

1. 1961 அக்டோபரில், அதிபரான அண்ணன், அறிவுசார் குறைபாடு குறித்து ஆராய ஒரு வல்லுநர் குழுவை அமைத்தார். அதை அமைக்க வைத்தவர் யூனிஸ்.

2. 1961 டிசம்பர் 19 அன்று தந்தை ஜோசப்புக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிற்று. மகளின் பேச்சைப் பறித்த முடிவை எடுத்தவர், தன் எஞ்சிய எட்டு ஆண்டுகளைப் பேச இயலாமல் கழித்தார். இதைத் தண்டனை என்று படிப்போர் உண்டு. எனக்கு அதில் ஈடுபாடில்லை. நடைமுறையில் இதன் விளைவு வேறு: அதுவரை ரோஸ்மேரியைச் சுற்றி எழுப்பியிருந்த மௌனச் சுவரைக் காவல் காக்க ஆளில்லாமல் போயிற்று.

3. 1962 கோடையில், அறிவுசார் குறைபாடுள்ள தன் குழந்தையைச் சேர்த்துக்கொள்ளும் கோடை முகாமே இல்லை என்று ஒரு தாய் சொன்னதைக் கேட்டு, மேரிலாந்தில் தாம் குடியிருந்த டிம்பர்லான் பண்ணையிலேயே யூனிஸ் ஒரு முகாம் நடத்தினார். ஏறத்தாழ ஒரு பிள்ளைக்கு ஒரு மாணவத் தொண்டர் என்ற கணக்கு. நீச்சல், குதிரையேற்றம், பந்து விளையாட்டு. இந்தப் பிள்ளைகளை ஓடியாட விட்டால் அடிபடும் என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது.

4. 1962 செப்டம்பரில், லட்சக்கணக்கானோர் வாசித்த 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' வார இதழில், அதிபரின் சகோதரிக்கு அறிவுசார் குறைபாடு உண்டு என்று தன் பெயரிலேயே எழுதினார். இத்தகையோரில் பெரும்பாலானவர்கள் பயிற்சி பெற்றால் வேலை செய்து வாழ முடியும் என்பது அந்தக் கட்டுரையின் வாதம்.

அந்தக் கட்டுரையில் லோபாட்டமி பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாதி உண்மையைத்தான் யூனிஸ் வெளியிட்டார். எனினும், அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளை பிறந்தால் இல்லத்தில் விட்டுவிட்டு மறந்துவிடுங்கள் என்று மருத்துவர்கள் அறிவுரை சொன்ன நாட்டில், வெள்ளை மாளிகைக் குடும்பத்திலேயே அப்படி ஒருவர் உண்டு என்ற செய்தி எத்தனை வீடுகளின் கதவைத் திறந்திருக்கும் என்று யோசித்தால், அந்தப் பாதியின் எடை புரியும்.

5. பெயர் கருவியாகும் முறை

யூனிஸுக்குக் கிடைத்த வசதி எல்லாருக்கும் கிடைக்காது. அதிபரைத் தொலைபேசியில் அழைத்து நச்சரிக்கும் உரிமை ஒரு தங்கைக்குத்தான் உண்டு. குழந்தைநலன், மனித வளர்ச்சி ஆகியவற்றுக்கான தேசிய ஆய்வு நிறுவனம் 1962-இல் உருவானது. 1963 அக்டோபர் 24, 31 ஆகிய நாள்களில் அதிபர் இரண்டு சட்டங்களில் கையெழுத்திட்டார். முதலாவது, தாய்-சேய் நலத்தையும் குறைபாட்டுத் தடுப்பையும் பற்றியது. இரண்டாவது, அறிவுசார் குறைபாடுள்ளோருக்கான ஆய்வு மையங்களையும், மனநோயாளிகளுக்கான சமூக மனநல மையங்களையும் கட்ட நிதி தருவது. மூன்று வாரங்கள் கழித்து அவர் டல்லாஸில் கொல்லப்பட்டார்.

அந்த இரண்டாவது சட்டத்தின் பின்விளைவைப் பேசாமல் இந்தக் குடும்பத்தைப் புகழ்வது முறையாகாது. 1955-இல் அமெரிக்காவின் அரசு மனநல மருத்துவமனைகளில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தனர். அவர்களை வெளியே கொண்டுவந்து, ஊருக்குள்ளேயே சிகிச்சை தருவதே திட்டம். மருத்துவமனைகள் காலியாயின, ஆனால் கட்ட நினைத்த 1,500 மையங்களில் ஏறத்தாழ பாதியே உருவாயின. நீண்டகாலப் பணியாளர் செலவுக்கு உறுதியான நிதியும் இல்லை. 1981-இல் கூட்டாட்சி அரசு இந்த நிதியை மாநிலங்களுக்கான மொத்த மானியமாக மாற்றிக் குறைத்தபோது திட்டம் மேலும் நலிந்தது. வெளியே வந்தவர்களில் பலர் தெருவிலும் சிறையிலும் போய்ச் சேர்ந்தனர். நல்ல நோக்கம் கொண்ட சட்டம், ஊருக்குள் வந்தவரை ஏற்கும் ஏற்பாடு இல்லாதபோது என்னவாகும் என்பதற்கு நலத்திட்டப் பாடங்களில் இன்றும் காட்டப்படும் எடுத்துக்காட்டு அது.

விளையாட்டின் கதை வேறு திசையில் போயிற்று. சிகாகோ பூங்காத் துறையில் பணியாற்றிய ஆன் மெக்ளோன் என்ற இளம் ஆசிரியை, இத்தகைய பிள்ளைகளுக்கு ஒரு நகர அளவிலான தடகளப் போட்டி நடத்த கென்னடி அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். ஒரு நகரம் போதாது, நாடு முழுவதிலிருந்தும் அழைக்க வேண்டும் என்றார் யூனிஸ். 1968 ஜூலை 20 அன்று, சோல்ஜர் ஃபீல்ட் அரங்கில், 26 மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த சுமார் ஆயிரம் பேர் பங்கேற்ற முதல் சிறப்பு ஒலிம்பிக்ஸ் நடந்தது. தம்பி ராபர்ட் கொல்லப்பட்டு ஏழு வாரங்கள்கூட முழுமையாகக் கடந்திருக்கவில்லை. பார்வையாளர் மாடங்கள் பெரும்பாலும் காலி. இன்று அந்த இயக்கம் 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்குகிறது. இந்தியப் பிரிவு 'ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத்' என்ற பெயரில் செயல்படுகிறது.

ஜான், ராபர்ட், எட்வர்ட் மூவரும் அடைந்த பதவிகளைவிட இந்த இயக்கம் நீண்டு நிற்கிறது என்று சொல்வதில் மிகை இல்லை. அதற்கான காரணம் யூனிஸின் ஆளுமை மட்டும் என்று நான் கருதவில்லை. வேட்பாளருக்குப் பெயரே இலக்கு. அந்தப் பெயரைக் காப்பாற்றியாக வேண்டும், ஆகவே மறைக்க வேண்டியவை கூடும். வேட்பாளர் ஆகாதவருக்குப் பெயர் வெறும் சாவி. எந்தப் பூட்டைத் திறப்பது என்பதை அவரே தேர்ந்துகொள்ளலாம். சாவியில் கீறல் விழுந்தாலும் பெரிய நட்டமில்லை.

6. பிள்ளைகளின் தலைமுறை

ஷ்ரைவர் தம்பதியின் ஐந்து பிள்ளைகளும் ஏதோவொரு வகையில் தாயின் பாதையைத் தொட்டனர். திமோதி சிறப்பு ஒலிம்பிக்ஸின் தலைவரானார். அந்தோனி, அறிவுசார் குறைபாடுள்ளோருக்கு நண்பர்களைச் சேர்த்துவைக்கும் 'பெஸ்ட் படீஸ்' அமைப்பை 1989-இல் தொடங்கினார். மரியா தொலைக்காட்சிச் செய்தியாளராகி, தந்தைக்கு வந்த அல்சைமர் நோயைத் தன் பொதுப்பணிக்கான பொருளாக்கினார்.

அந்தத் தந்தை சார்ஜன்ட் ஷ்ரைவர் 1972-இல் ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக நின்றவர். அந்த இடம் அவருக்குக் கிடைத்ததே, முதலில் அறிவிக்கப்பட்ட தாமஸ் ஈகிள்டன் முன்பு மனச்சோர்வுக்காக மின்னதிர்ச்சி சிகிச்சை பெற்றவர் என்று தெரியவந்து விலக நேர்ந்ததால்தான். மனநோய் என்ற சொல் ஒரு வேட்பாளரை முடித்துவிடும் என்பதற்கு அந்தக் குடும்பத்துக்கு மிக அருகிலேயே சான்று இருந்தது.

அதனால்தான் எட்வர்டின் மகன் பாட்ரிக் கென்னடியின் கதை தனிக் கவனத்துக்கு உரியது. 21 வயதில் ரோட் ஐலண்ட் சட்டமன்றத்துக்கும், 27 வயதில் பிரதிநிதிகள் அவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், வரிசையில் சரியாக நின்றவர். 2006 மே மாதம் ஒரு விடியற்காலையில் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அருகே அவருடைய கார் தடுப்பில் மோதியது. மறுநாள் அவர் மருந்து அடிமைத்தனத்துக்குச் சிகிச்சை பெறப் போவதாக அறிவித்தார்; தனக்கு இருதுருவ மனநோய் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. வீட்டு வழக்கப்படி மூடி மறைத்திருக்க வேண்டிய செய்தி அது.

இரண்டு ஆண்டுகளில், 2008 அக்டோபர் 3 அன்று, மனநலக் காப்பீட்டுச் சமத்துவச் சட்டம் கையெழுத்தாயிற்று. அது சொல்வது எளிமையானது: ஒரு குழுக் காப்பீட்டுத் திட்டம் மனநோய்க்கும் போதை அடிமைத்தனத்துக்கும் சிகிச்சை தருமானால், உடல்நோய்க்கு விதிப்பதைவிடக் கடுமையான கட்டணத்தையோ, வருகை எண்ணிக்கை வரம்பையோ அவற்றுக்கு விதிக்கக் கூடாது. நீரிழிவுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் மருத்துவரைப் பார்க்கலாம், மனச்சோர்வுக்கு ஆண்டுக்கு இத்தனை முறைதான் என்ற நிலையை அது தடை செய்தது. மனநலக் காப்பீடு தந்தே ஆக வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. அந்த இடைவெளியை 2010-ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டம் பெருமளவு நிரப்பியது. பிரதிநிதிகள் அவையில் பாட்ரிக்கோடு சேர்ந்து இதை நடத்தியவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஜிம் ராம்ஸ்டட். அவரும் குடிநோயிலிருந்து மீண்டவர். செனட்டில் இதற்குப் பெயர் தந்த பீட் டொமினிச்சியின் மகளுக்கு மனச்சிதைவு நோய் இருந்தது; பால் வெல்ஸ்டனின் அண்ணனுக்கு மனநோய் இருந்தது. வீட்டுக்குள் மறைத்த துயரம் சட்டமாக மாறுவது கென்னடிகளுக்கு மட்டும் உரிய வழி அல்ல என்பதற்கு இந்த ஒரே சட்டம் போதும்.

2010 தேர்தலில் பாட்ரிக் நிற்கவில்லை. 2011 ஜனவரியில் அவர் விலகியபோது, 1947-க்குப் பிறகு முதல்முறையாக வாஷிங்டனில் தேர்ந்தெடுக்கப்பட்ட பதவியில் ஒரு கென்னடியும் இல்லை. 2013-இல், பெரியப்பாவின் சட்டத்துக்கு ஐம்பது ஆண்டு நிறைவில், மனநலத்துக்கான அமைப்பொன்றைத் தொடங்கினார். 2015-இல் தந்தையின் குடிப்பழக்கம் உட்பட வீட்டின் உள்கதைகளை எழுதியபோது, அவருடைய அண்ணனே அதை வெளிப்படையாகக் கண்டித்தார். வேலையைக் கண்டடைந்ததற்கு வீட்டுக்குள் அவர் கொடுத்த விலை அது.

7. மீண்டும் முதல் கேள்விக்கு

ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியரின் வாழ்க்கையும் இதே வடிவத்தில் தொடங்குவதுதான் இந்தச் சர்ச்சையின் சிக்கலான பகுதி. பதினான்கு வயதில் தந்தையை இழந்தவர். 1983-இல் ஹெராயின் வைத்திருந்ததற்காகக் கைதானவர். அதன்பின் ஹட்சன் ஆற்றைத் தூய்மைப்படுத்தும் இயக்கத்தில் சேர்ந்து, மாசுபடுத்திய நிறுவனங்கள் மீது வழக்காடும் வழக்கறிஞராகத் தனக்கான இடத்தைக் கண்டவர். வரிசைக்கு வெளியே, காயத்திலிருந்து எழுந்த பணி என்று அதையும் சொல்ல வேண்டும். பிறகு தடுப்பூசிகளுக்கு எதிரான பரப்புரைக்குத் திரும்பினார். 2019-இல் அக்கா கேத்லீன், அண்ணன் ஜோசப், அக்கா மகள் மேவ் ஆகிய மூவரும், தடுப்பூசி விஷயத்தில் அவர் தவறு செய்கிறார் என்று பெயர் போட்டு எழுதினர். நோய்த்தடுப்புக்காக ஜான் கென்னடி 1962-இல் கையெழுத்திட்ட சட்டத்தை அவருக்கு எதிரான சான்றாகக் காட்டினர்.

ஆகவே இந்த எதிர்ப்பு, குடும்பத்தின் இரண்டு சொத்துகளுக்கு இடையிலான வழக்கு. பெயர் என்ற முதல் சொத்தை அவர் தயங்காமல் எடுத்துக்கொண்டார். 2024 பிப்ரவரியில், பெரியப்பாவின் 1960 தேர்தல் விளம்பரத்தைத் தழுவிய தொலைக்காட்சி விளம்பரம், அதிபர் தேர்தலில் நின்ற அவருக்காக ஒளிபரப்பாகி, உறவினர்களிடம் அவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. யூனிஸ், எட்வர்ட், பாட்ரிக் ஆகியோர் அறுபது ஆண்டுகளாகச் சேர்த்த மருத்துவ ஆய்வு, பொதுநலவாழ்வு என்ற இரண்டாவது சொத்தை அவர் கலைக்கிறார் என்பதே மற்றவர்களின் குற்றச்சாட்டு. 2025 ஏப்ரலில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் வரி கட்டப்போவதில்லை, வேலைக்குப் போகப்போவதில்லை, கவிதை எழுதப்போவதில்லை என்று அவர் பேசினார். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களையே குறித்ததாகப் பின்னர் விளக்கம் தந்தார். 1962 செப்டம்பரில் அவருடைய அத்தை எழுதிய கட்டுரையின் எதிர்ப்பக்கத்தில் நிற்கும் வாக்கியங்கள் அவை. அந்தப் பேச்சுக்கு முந்தைய மாதம், 2025 மார்ச்சில், அவர் அறிவித்த துறை மறுசீரமைப்பில், மாற்றுத்திறனாளிகளுக்கான கூட்டாட்சித் திட்டங்களை நடத்தும் சமூக வாழ்வு நிர்வாக அமைப்பைக் கலைத்து, அதன் பணிகளை வேறு பிரிவுகளுக்குப் பகிர்ந்தளிப்பதும் அடங்கியிருந்தது. அந்தத் திட்டங்களில் சிலவற்றின் வேர் 1963 அக்டோபர் சட்டங்களில் இருக்கிறது.

1962-இல் உருவான குழந்தைநல ஆய்வு நிறுவனத்துக்குப் பின்னாளில் யூனிஸ் கென்னடி ஷ்ரைவரின் பெயர் சூட்டப்பட்டது. முதல் கோடை முகாம் நடந்த பண்ணையிலிருந்து சில மைல் தொலைவில், பெதஸ்டாவில், அது அதே பெயரில் இயங்குகிறது. அது சுகாதாரம் மற்றும் மனித சேவைகள் துறையின் கீழ் வருவதால், அதன் கோப்புகள் இப்போது அவருடைய தம்பி மகனின் மேசைக்குப் போகின்றன.